அரூப ஓவியர்கள் புறமுதுகு காட்டியவர்கள் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டத்தைக் கலை எவ்வாறு பதிவுசெய்தது என்பது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். புகைப்படங்கள், சுவரொட்டிகள், சுவரோவியங்கள் பற்றி அதில் சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் அதன் இறுதிப் பகுதியில், அந்த ஆண்டுகளில் அரூப ஓவியம், அதாவது கண்ணுக்குத் தெரியும் உருவங்களை அப்படியே வரையாமல் நிறத்தாலும் வடிவத்தாலும் அமையும் ஓவியம், தீட்டிய கறுப்பினக் கலைஞர்கள் தெருவில் நடந்ததைக் காண மறுத்து நிறங்களுக்குள் ஒளிந்துகொண்டார்கள் என்ற பொருளில் அமைந்த இரண்டு வரிகளை அப்படியே கடந்துபோக என்னால் இயலவில்லை. நடந்த வரலாற்றுக்கு அவை முரணானவை. கையில் பதாகை ஏந்தி நடந்தவர்களையே கோழைகளாகக் காட்டுகிற வரிகள் அவை என்பதால் இக்கடிதம் சற்று நீள்வதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1963ஆம் ஆண்டு ஜூலை மாதம் ரொமேர் பியர்டன், சார்லஸ் ஆல்ஸ்டன், நார்மன் லூயிஸ், ஹேல் வுட்ரஃப் ஆகிய கறுப்பின ஓவியர்கள் நியூயார்க்கில் கூடிப் பேசத் தொடங்கினார்கள். அடுத்த மாதம் 28ஆம் நாள் வாஷிங்டனில் நடக்கவிருந்த மாபெரும் பேரணிக்குச் செல்லப் பேருந்து ஒன்றை ஏற்பாடு செய்வது குறித்த பேச்சே அந்தச் சந்திப்புகளின் தொடக்கம். அந்தப் பேச்சு, இந்தப் போராட்டத்தில் ஓவியனின் கடமை என்ன, கறுப்பினக் கலை என்று தனியாக ஒன்று உண்டா, இருந்தால் அது இன்ன உருவில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்ற விவாதமாக விரைவிலேயே வளர்ந்தது. ஆர்க்கிமிடீஸின் சுருள்கோட்டை மனத்தில் வைத்து வுட்ரஃப் முன்மொழிந்த ஸ்பைரல் என்ற பெயரைக் குழு ஏற்றுக்கொண்டது. பின்னர் வந்து சேர்ந்தவர்களில் எம்மா ஆமோஸ் வயதில் மிக இளையவர். குழுவில் இருந்த ஒரே பெண்ணும் அவரே. 1965ஆம் ஆண்டு மே மாதம் கிறிஸ்டோபர் தெருவில் இருந்த தங்கள் கூடத்தில் அவர்கள் ஒரே ஒரு கண்காட்சியை நடத்தினார்கள். கறுப்பும் வெள்ளையும் மட்டுமே பயன்படுத்துவது என்ற வரையறையைத் தாங்களே வகுத்துக்கொண்டு அதற்குள் ஒவ்வொருவரும் தத்தம் வழியில் வரைந்தார்கள். உருவம் வரைந்தவர்களும் உருவத்தைத் துறந்தவர்களும் அந்தச் சுவர்களில் அருகருகே இடம்பெற்றார்கள். பேரணிக்குப் பேருந்து தேடிய கூட்டத்திலிருந்து பிறந்த கலையைத்தான் தங்கள் கட்டுரை தெருவைக் காணாத கலை என்கிறது.

இவர்களுள் நார்மன் லூயிஸின் வழியைத் தங்கள் வாசகர்கள் சற்று விரிவாக அறிய வேண்டும் என்று விரும்புகிறேன். நியூயார்க்கில் கறுப்பினப் பண்பாட்டுக்குப் பெயர்பெற்ற ஹார்லெம் பகுதியில் 1909இல் பிறந்த அவர், 1930களில் சமூக யதார்த்த ஓவியராகத்தான் தொடங்கினார். வாடகை கொடுக்க முடியாமல் சாமான்களோடு தெருவுக்குத் துரத்தப்பட்ட குடும்பத்தை வரைந்தார். காவலர்களின் தாக்குதலையும் வரைந்தார். நாற்பதுகளின் நடுவில்தான் அரூபத்தின் பக்கம் திரும்பினார். இந்தத் திருப்பத்துக்கு அவர் பிற்காலத்தில் ஒரு நேர்காணலில் சொன்ன காரணம் மிக எளிமையானது. பாகுபாட்டையும் வெளியேற்றத்தையும் தாம் வரைந்து காட்டியது யாரையும் அசைக்கவில்லை, அதனால் யாருடைய நிலையும் மேம்படவில்லை, மாறாகத் தெருவில் இறங்கி மறியல் செய்தபோதுதான் ஏதோ கொஞ்சம் மாறியது என்றார் அவர். அநீதியை எதிர்க்க உடல் இருக்கிறது, தெரு இருக்கிறது, மறியல் இருக்கிறது. ஓவியம் அந்த வேலைக்கு ஒரு பலவீனமான மாற்றாக இருக்கத் தேவையில்லை, அதற்கென்று வேறு வேலை உண்டு என்பதே அவர் வந்தடைந்த முடிவு என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அந்த வேறு வேலை என்ன என்பதற்கு அவருடைய ஓவியங்களே விடை சொல்கின்றன. 1960இல் அவர் வரைந்த ‘அமெரிக்கன் டோட்டம்’ (அமெரிக்கக் குலக்குறித் தூண்) என்ற படத்தில் முழுக்கறுப்பான தளத்தின் நடுவே வெண்மையான ஒரு நெடுந்தூண் எழுந்து நிற்கிறது. சற்று நேரம் நின்று பார்த்தால் அந்தத் தூண் முகமூடிகளும் மண்டையோடுகளும் பேயுருவங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது போலத் தெரியத் தொடங்கும். அதன் உச்சி, வெள்ளை நிறவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளானைச் சேர்ந்தவர்கள் அணியும் கூம்புத் தலையுறையை நினைவூட்டும். ஒரு கொலையாளியின் முகத்தை வரைந்திருந்தால் அது ஒரு மனிதனின் குற்றமாக நின்றிருக்கும். லூயிஸ் வரைந்ததோ ஒரு நாடு தன் நடுவே நட்டுவைத்துக் கும்பிடும் கம்பத்தை. 1962இல் வரைந்த ‘ஈவினிங் ரெண்டெவூ’ (மாலைச் சந்திப்பு) ஓவியத்தில் புகைமூட்டம் போன்ற சாம்பல் நீலத்துக்குள் சிறுசிறு வெள்ளை வடிவங்கள் கூடியிருக்கின்றன. அவற்றிடையே சிவப்பு கனல்கிறது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அழகான மாலைக் காட்சி. அருகில் வந்தால் நெருப்பைச் சுற்றிக் கூடிய வெள்ளை அங்கிகள். சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற மூன்று நிறங்கள் அமெரிக்கக் கொடியின் நிறங்களும்கூட என்பது அதன் பிறகுதான் உறைக்கும். முதலில் மயங்கவைத்துப் பின்னர் நடுங்கவைக்கும் இந்த வரிசை உருவ ஓவியத்தில் அவ்வளவு எளிதில் கைகூடாது, ஏனென்றால் அங்கே இன்னது இதுவென்று கண் முதல் பார்வையிலேயே அறிந்துவிடுகிறது.

ஸ்பைரல் கண்காட்சியில் அவர் வைத்த ‘ப்ரொசெஷனல்’ (ஊர்வலம்) 1965ஆம் ஆண்டின் படைப்பு. அந்த ஆண்டு மார்ச் 7ஆம் நாள் செல்மா நகரின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில், வாக்குரிமை கேட்டு நடந்தவர்களை அலபாமா மாநிலக் காவல் படையினர் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்கினார்கள். அதே மாதத்தில் மீண்டும் புறப்பட்ட பேரணி மான்ட்கமரி வரை சென்று சேர்ந்தது. ஆகஸ்ட் 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. லூயிஸின் படத்தில் பாலமும் இல்லை, தடியும் இல்லை. கருந்தளத்தின் மீது வெண்கீற்றுகள் ஒரு பக்கம் ஒடுங்கித் தொடங்கி மறுபக்கம் விரிந்துகொண்டே செல்கின்றன; ஒவ்வொரு கீற்றும் நடக்கும் ஒரு மனிதனாக இருக்கலாம், ஆனால் எதையும் தனியே பிரித்தெடுத்து இவர் இன்னார் என்று சொல்ல முடியாது. அன்றைய செய்திப் படங்கள் விழுந்தவர்களைக் காட்டின. இந்தப் படம் நிற்காமல் நடந்ததைக் காட்டுகிறது, பத்துப் பேராகத் தொடங்கியது ஆயிரங்களாகப் பெருகும் அந்த வளர்ச்சியை ஒரே தளத்தில் காட்டுகிறது. இதைப் போராட்டத்தைக் காணாத ஓவியம் என்று எப்படிச் சொல்வது?

புகைப்படத்தைக் குறைத்துச் சொல்வது என் நோக்கம் அன்று. 1963 மே மாதம் பர்மிங்காம் நகரத் தெருக்களில் பள்ளிச் சிறுவர்கள்மீது காவல் நாய்களும் தீயணைப்புக் குழாய்களும் ஏவப்பட்டதைப் படம்பிடித்த செய்திப் புகைப்படக்காரர்கள் அந்த நாட்டின் மனசாட்சியை உலுக்கினார்கள் என்பதில் ஐயமில்லை. 1955இல் மிஸிஸிப்பியில் கொல்லப்பட்ட 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில்லின் சவப்பெட்டியை மூடாமல் வைத்து, என் மகனுக்குச் செய்ததை உலகம் பார்க்கட்டும் என்று அவன் தாய் மேமி டில் எடுத்த முடிவுக்கு நிகரான துணிவு கலை வரலாற்றில் அரிது. ஆனால் இதே நாட்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், கும்பல் கொலை செய்யப்பட்ட கறுப்பின மக்களின் உடல்களைப் படமெடுத்து அஞ்சலட்டைகளாக அச்சிட்டு விற்றார்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். சிதைக்கப்பட்ட உடலின் படம் ஒரு தாயின் கையில் குற்றச்சாட்டாகவும் கொலைகாரனின் கையில் நினைவுப்பொருளாகவும் இருந்திருக்கிறது. அந்த உடலை இன்னொரு முறை வரைந்து கூடத்தில் தொங்கவிட்டால் பார்ப்பவர் அதை எந்தக் கண்ணால் பார்ப்பார் என்ற கேள்வி ஒரு கறுப்பின ஓவியருக்கு வெறும் அழகியல் கேள்வி அன்று. உருவத்தைத் துறந்தவர்களில் சிலரேனும் இந்தக் கேள்வியைச் சுமந்துதான் துறந்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

இதற்கு மிகத் தெளிவான சான்று ஜாக் விட்டன் 1964இல் செய்த ‘பர்மிங்காம் 1964’. விட்டன் 1939இல் அலபாமாவின் பெஸ்ஸெமர் நகரில், அதாவது பர்மிங்காமுக்கு மிக அருகில், இனப்பிரிவினையின் நடுவே பிறந்து வளர்ந்தவர். 1957இல் மான்ட்கமரியில் மார்ட்டின் லூதர் கிங்கை நேரில் சந்தித்தவர். 1960இல் லூயிசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் மாணவராக இருந்தபோது அமைதிப் பேரணியில் நடந்து, வெள்ளையர்களின் வெறியை மிக அருகில் கண்டு, தெற்கை விட்டே வெளியேறி நியூயார்க்குக்குப் பேருந்து ஏறியவர். அவர் நிறங்களுக்குள் ஒளிந்துகொண்டார் என்று எழுத யாருக்கும் மனம் வரக்கூடாது. அந்தப் படைப்பு பெரியதன்று. ஒரு பக்கம் நாற்பது சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். ஒட்டுப்பலகையின் மீது அலுமினியத் தாளைப் பரப்பிக் கருவண்ணம் பூசியிருக்கிறார். அந்தக் கருந்தாள் நடுவில் கிழிந்து பிதுங்கி, உரிந்த தோல்போல் விளிம்புகள் மடங்கி நிற்கின்றன. அந்தக் கிழிசலுக்குள்ளே நாளிதழில் வந்த பர்மிங்காம் காட்சியின் புகைப்படம் இருக்கிறது. அதன்மேல் பெண்கள் அணியும் மெல்லிய காலுறைத் துணி போர்த்தப்பட்டிருக்கிறது. உலகம் முழுவதும் பார்த்துவிட்ட ஒரு படத்தை அவர் மறைத்து, மறைத்ததைக் கிழித்து, கிழித்ததன்மேல் மீண்டும் ஒரு திரையைப் போடுகிறார். காலையில் நாளிதழில் கண்டு மாலையில் மறந்துவிடக்கூடிய படம் இங்கே ஒரு காயத்தின் அடியில் கிடக்கிறது. எட்டிப் பார்த்தாலும் முழுமையாகத் தெரிவதில்லை. புகைப்படத்தின் மதிப்பை உணர்ந்த ஒருவரால்தான் அதை இப்படி வைக்க முடியும்.

விட்டன் அதற்குப் பிறகும் அந்த வரலாற்றை விட்டு விலகவில்லை. கிங் கொல்லப்பட்ட 1968இல் அவருடைய கனவைப் பெயரில் தாங்கிய ஓவியம் ஒன்றைத் தீட்டினார். 1970இல் கறுப்பின விடுதலைத் தலைவர் மால்கம் எக்ஸ் நினைவாக ‘ஹோமேஜ் டு மால்கம்’ என்ற முக்கோண வடிவக் கித்தானை உருவாக்கினார். சீப்பு போன்ற பற்கள் கொண்ட கருவியால் வண்ணப் படலத்தை ஈரத்திலேயே கீறியதால், கறுப்புக்கு உள்ளிருந்து வேறு நிறங்கள் கோடுகோடாக எட்டிப் பார்க்கும். மால்கம் எக்ஸின் முகத்தை அறியாதவர் இல்லை. அந்த முகம் சுவரொட்டிகளிலும் சட்டைகளிலும் எத்தனையோ முறை அச்சாகித் தேய்ந்திருக்கிறது. முகமில்லாத இந்த முக்கோணம் இன்னும் தேயவில்லை.

அடுத்து சாம் கில்லியம். மிஸிஸிப்பியின் டுபலோ நகரில் 1933இல் பிறந்து, கென்டக்கியின் லூயிவில் நகரில் வளர்ந்து, 1962இல் வாஷிங்டனில் குடியேறியவர். 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மெம்ஃபிஸ் நகரின் லொரெய்ன் விடுதியில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதும் வாஷிங்டன் நகரத் தெருக்கள் தீப்பற்றி எரிந்தன. படைகள் வந்து இறங்கின. கில்லியம் வாழ்ந்த நகரத்தில் நடந்தது இது. மறு ஆண்டு அவர் தீட்டிய ‘ஏப்ரல் 4’ ஏறக்குறைய நாலரை மீட்டர் அகலம் கொண்டது. நீர்த்த அக்ரிலிக் வண்ணத்தைக் கித்தானின் மீது ஊற்றி, ஈரம் காயும் முன்பே அதை மடித்து, பின்னர் விரித்துக் காயவைப்பது அவருடைய முறை. அந்த மடிப்புகளின் தடங்களோடு சிவப்பும் ஊதாவும் துணியின் இழைகளுக்குள் ஊறிப் பரவியிருக்கின்றன. தூரிகை வைத்த இடமென்று எதையும் சுட்ட முடியாது. கறை எப்படிப் படியுமோ அப்படித்தான் இந்த வண்ணம் படிந்திருக்கிறது. துவைத்தாலும் போகாத கறை. அதே வரிசையில் 1970இல் ‘ரெட் ஏப்ரல்’ வந்தது. இந்தப் படங்களில் கிங்கின் முகம் இல்லை, விடுதியின் மாடமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஒரு தேதி மட்டும் இருக்கிறது. அந்தத் தேதியைப் படித்த கணமே அமெரிக்கர் ஒருவருக்கு அந்த மாலைநேரம் முழுவதும் நினைவுக்கு வந்துவிடும். ஆகவே படத்தை நிறைவு செய்ய வேண்டிய பொறுப்பு பார்ப்பவர்மீது விழுகிறது, அவர் தமக்குத் தெரிந்த துயரத்தைக் கொண்டுவந்து அந்தச் சிவப்பின் முன் நிற்க வேண்டியிருக்கிறது.

பெயரை எடுத்துவிட்டால் அது வெறும் வண்ணக் கறைதானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஓவியத்தின் பெயரை ஓவியத்துக்கு வெளியே வைத்துப் பார்ப்பது பிழை என்பது என் கருத்து. பெயரும் அளவும் துணியின் மடிப்பும் சேர்ந்ததே அந்தப் படைப்பு. செய்திப் புகைப்படத்தின் அடிக்குறிப்பை நீக்கிவிட்டாலும் எந்த ஊர், எந்த நாள், யார் யாரை அடிக்கிறார் என்பது தெரியாமல் போகும்; அதற்காகப் புகைப்படத்தை யாரும் பொருளற்றது என்று தள்ளுவதில்லை.

இந்த ஓவியர்கள்மீது அக்காலத்திலேயே குற்றச்சாட்டுகள் எழுந்தன என்பதும் உண்மை. அவற்றைச் சொன்னவர்கள் போராட்டத்தின் உள்ளே இருந்தவர்கள் என்பதால் அவற்றை எளிதாக ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர்களுள் ஒருவரான ஸ்டோக்லி கார்மைக்கேல் வாஷிங்டனில் கறுப்பினக் கலைஞர்களைக் கூட்டி, நீங்கள் எங்களுக்குத் தேவை, ஆனால் இனி உங்கள் அழகான படங்களை வரைந்துகொண்டிருக்க முடியாது என்ற பொருளில் பேசியதைக் கில்லியமே நினைவுகூர்ந்திருக்கிறார். 1968 செப்டம்பரில் ஹார்லெமில் ஸ்டூடியோ மியூசியம் திறக்கப்பட்டபோது அதன் முதல் கண்காட்சி டாம் லாயிட் செய்த மின்விளக்கு அரூபப் படைப்புகளாக அமைந்தது; இது எங்கள் வாழ்க்கையோடு எந்த வகையில் தொடர்புடையது என்று அப்பகுதி மக்களில் பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கவே செய்தது. நூற்றாண்டுகளாகத் தங்கள் முகத்தைக் கேலிச்சித்திரமாக மட்டுமே கண்டுவந்த ஒரு சமூகம், தனக்கென்று ஒரு கலைக்கூடம் திறக்கும் நாளில் தன் முகத்தை மதிப்போடு காண விரும்பியதில் என்ன தவறு? செல்மாவில் நடந்தவர்களில் எத்தனை பேர் இந்தக் கித்தான்களின் முன்னால் நின்றிருப்பார்கள் என்று கேட்டால் மிகச் சிலரே என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். சுவரொட்டி செய்த வேலையை இந்த ஓவியங்கள் செய்யவில்லை. ஆயினும் ஒரு படைப்பு மக்களை எட்டத் தவறியது வேறு, அதைப் படைத்தவர் மக்களைக் கைவிட்டது வேறு. தங்கள் கட்டுரையாளர் முதலாவதைக் கண்டு இரண்டாவதை முடிவாகச் சொல்லிவிட்டார்.

கட்டுரையாளர் தவறவிட்ட ஒரு நிகழ்வை இங்கே சேர்த்துச் சொல்வது பொருத்தமாக இருக்கும். 1969 ஜனவரியில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ‘ஹார்லெம் ஆன் மை மைண்ட்’ என்ற பெரும் கண்காட்சியைத் திறந்தது. ஹார்லெமின் வாழ்க்கையைச் சொல்வதாகக் கூறிக்கொண்ட அந்தக் கண்காட்சியில் பெரிதாக்கப்பட்ட புகைப்படங்கள் நிறைந்திருந்தன; ஹார்லெம் ஓவியர்களின் ஓவியங்களுக்கும் சிற்பிகளின் சிற்பங்களுக்கும் இடம் தரப்படவில்லை. வாயிலில் பதாகையோடு மறியல் செய்தவர்களில் நார்மன் லூயிஸும் ஒருவர். அப்போது அவருக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது. கறுப்பின மக்கள் படம் எடுக்கப்படுவதற்கு உரியவர்கள், படம் படைப்பதற்கு உரியவர்கள் அல்லர் என்ற எண்ணமே அந்தக் கண்காட்சிக்குள் ஒளிந்திருந்தது. ஓர் இனத்தின் வரலாற்றைச் சொல்ல அவர்களுடைய துன்பத்தின் புகைப்படங்கள் போதும் என்று இன்று எழுதுகிறவர்களும் அறியாமலே அந்த எண்ணத்துக்குத் துணைபோகிறார்கள்.

உரிமை என்று சொல்லும்போது வாக்குச் சாவடியும் பள்ளிக்கூடமும் உணவகமும் மட்டும் அதில் அடங்குவதில்லை. வெள்ளை ஓவியர் ஒருவர் ஒரு வட்டம் வரைந்தால் அது வடிவ ஆராய்ச்சி, கறுப்பின ஓவியர் வரைந்தால் அது தன் மக்களை மறந்த செயல் என்ற அளவுகோலை ஏற்றுக்கொள்ளும் வரை சமத்துவம் எங்கே வந்தது? இதில் கறுப்பின ஓவியர் ஹோவர்டீனா பிண்டெலின் வட்டங்கள் என்னை எப்போதும் நெகிழவைப்பவை. அவர் சிறுமியாக இருந்தபோது தந்தையுடன் கென்டக்கி மாநிலத்தின் வடபகுதி வழியாகக் காரில் சென்றுகொண்டிருந்தார். வழியில் ஒரு கடையில் நின்று ரூட் பியர் என்ற குளிர்பானம் வாங்கிக் குடித்தார்கள். கோப்பையின் அடியில் பெரிய சிவப்பு வட்டம் ஒன்று இருப்பதைக் கண்டு அது என்னவென்று கேட்டபோது, கறுப்பினத்தவருக்குத் தரும் கோப்பைகளை வெள்ளையர்களுக்குத் தருவனவற்றோடு கலந்துவிடாமல் இருக்க இடப்பட்ட அடையாளம் அது என்று தந்தை விளக்கினார். பின்னாளில் பிண்டெல் காகிதத்தில் துளையிடும் கருவியால் ஆயிரக்கணக்கான சிறு வட்டங்களை வெட்டியெடுத்து, அவற்றைக் கித்தான்களின் மீது தூவி, ஒட்டி, மேலே வண்ணம் தெளித்துப் பல ஆண்டுகள் உழைத்தார். தம்மைப் பிரித்து வைத்த ஒரு வடிவத்தை எடுத்து, அது தன் பழைய பொருளை இழக்கும் வரை பெருக்கிக்கொண்டே போனார் என்று அந்தப் படங்களை நான் படிக்கிறேன். இதே படைப்புகளை ஸ்டூடியோ மியூசியத்துக்கு எடுத்துச் சென்றபோது, இவை கறுப்பினக் கலை ஆகா என்று அவருக்குச் சொல்லப்பட்டது என்பதையும் அவர் பின்னர் பேசியிருக்கிறார். கோப்பையின் அடியில் இருந்த வட்டத்தைவிடக் கறுப்பின வரலாற்றுக்கு உரிய வடிவம் வேறு எது இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அதே நேரத்தில் அரூப ஓவியம் எல்லாமே மறைமுகமான போர்க்குரல்தான் என்று சாதிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆல்மா தாமஸ் 1891இல் ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பிறந்தவர். வாஷிங்டனில் பள்ளியாசிரியராக முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி, ஓய்வுக்குப் பிறகே முழுநேர ஓவியரானவர். 1963 பேரணியில் தாமே நடந்து, மறு ஆண்டு அதை ஓவியமாகவும் தீட்டினார். அதில் மக்களும் பதாகைகளும் நிறத் துண்டுகளாக நெருங்கி நிற்கின்றன. அதற்குப் பிறகு அவர் பூக்களையும் மரங்களையும் விண்வெளியையும் பற்றி வண்ணத் தீற்றல்களால் தீட்டிய ஓவியங்களே அவருக்குப் புகழ் தந்தன. மனிதன் மனிதனுக்குச் செய்யும் கொடுமையைவிட அழகின்மீதும் மகிழ்ச்சியின்மீதும் தம் கவனத்தை வைக்க விரும்பியதாக அவர் வெளிப்படையாகவே சொன்னார். 1972இல் விட்னி அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அப்போது வயது எண்பது. கறுப்பினக் குழந்தைகள் அருங்காட்சியகத்தின் படியேற முடியாத ஊரில் பிறந்த ஒருவர் தம் மகிழ்ச்சியை அருங்காட்சியகச் சுவரில் தொங்கவிட்டதையும் அந்த வரலாற்றுக்கான பதிலாகவே நான் கொள்கிறேன்.

ஹூஸ்டன் நகரில் 1971இல் நடந்த இரண்டு நிகழ்வுகளையும் சுருக்கமாகக் குறிப்பிட விரும்புகிறேன். அந்த ஆண்டு ஆகஸ்டில், கலைப் புரவலர்களான மெனில் தம்பதியரின் ஆதரவோடு பீட்டர் பிராட்லி என்ற கறுப்பின ஓவியர், கறுப்பின மக்கள் வாழும் ஃபிஃப்த் வார்டு பகுதியில் மூடிக்கிடந்த டீலக்ஸ் திரையரங்கில் அரூபக் கலைக் கண்காட்சி ஒன்றைத் தொகுத்து நடத்தினார். கறுப்பினக் கலைஞர்களும் வெள்ளைக் கலைஞர்களும் சேர்ந்து பங்கேற்ற அமெரிக்காவின் தொடக்ககாலச் சமகாலக் கலைக் கண்காட்சிகளில் அது ஒன்று. கில்லியமும் வில்லியம் டி. வில்லியம்ஸும் அதில் இருந்தார்கள். மக்கள் அருங்காட்சியகத்துக்கு வரவில்லை என்று குறைசொல்லாமல், படங்களையே அவர்கள் தெருவுக்குக் கொண்டுசென்ற முயற்சி அது. மற்றொன்று பார்னெட் நியூமனின் ‘புரோக்கன் ஒபலிஸ்க்’ என்ற அரூபச் சிற்பம். அதை நகரத்தில் நிறுவ உதவ முன்வந்த மெனில் தம்பதியர், அது மார்ட்டின் லூதர் கிங்குக்குக் காணிக்கையாக்கப்பட வேண்டும் என்று கேட்டார்கள். நகர நிர்வாகம் மறுத்துவிட்டது. அவர்களே அதை வாங்கி, மார்க் ராத்கோவின் அரூப ஓவியங்கள் நிறைந்த வழிபாட்டுக் கூடமான ராத்கோ சேப்பலின் முன் நிறுத்தினார்கள். உருவம் ஏதுமற்ற ஓர் உலோக வடிவத்துக்கு ஒரு பெயர் சேர்வதை ஒரு மாநகரம் ஏற்க மறுத்தது என்றால், அரூபக் கலைக்கு அரசியல் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

இந்தப் பாதை அறுபதுகளோடு நின்றுவிடவும் இல்லை. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் 1970இல் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஜூலி மெஹ்ரெட்டு, 2014 ஆகஸ்டில் மிசூரியின் ஃபெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற இளைஞர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த போராட்டத்தின் செய்திப் புகைப்படம் ஒன்றை எடுத்து, எதுவும் அடையாளம் தெரியாதபடி கணினியில் மங்கலாக்கி, அந்த மங்கலையே அடித்தளமாகக் கொண்டு அதன்மேல் கருங்கோடுகளையும் வண்ணத் தெளிப்புகளையும் அடுக்கி 2016இல் ஓர் ஓவியம் தீட்டினார். ‘கன்ஜர்ட் பார்ட்ஸ் (ஐ), ஃபெர்குசன்’ என்பது அதன் பெயர். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள பிராட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விட்டன் அலுமினியத் தாளுக்கு அடியில் நாளிதழ்ப் படத்தை வைத்து ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, இன்னொரு ஓவியர் இன்னொரு நகரத்தின் செய்திப் படத்தை வண்ணத்துக்கு அடியில் வைக்கிறார். ஒரு நாளில் நூறு முறை கைப்பேசியில் கடந்துபோகும் காட்சியை நின்று பார்க்கவைக்க அதை முதலில் மறைக்க வேண்டியிருக்கிறது என்று இருவருமே கண்டிருக்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள் உள்ளன. இந்த வரிசையில் அடுத்து வரும் கட்டுரைகளில் அரூப ஓவியங்களை அச்சிடும்போது, அவற்றின் ஆண்டு, அளவு, செய்பொருள் ஆகிய மூன்றையும் படத்தின் கீழே தவறாமல் குறிப்பிடச் செய்யுங்கள். நாலரை மீட்டர் கித்தானும் நாற்பது சென்டிமீட்டர் ஒட்டுப்பலகையும் பக்கத்தில் ஒரே அளவுக் கட்டத்துக்குள் சுருங்கும்போது வாசகர் பாதிப் படைப்பை இழந்துவிடுகிறார். மற்றொன்று, ‘ப்ரொசெஷனல்’, ‘பர்மிங்காம் 1964’ ஆகிய இரு படைப்புகளையும், உரிய அனுமதி பெற்று, அவை பிறந்த ஆண்டுகளின் செய்திப் புகைப்படங்களோடு ஒரே பக்கத்தில் அருகருகே வெளியிட வேண்டும். எது தெருவைப் பார்த்தது, எது பார்க்க மறுத்தது என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்